தேற்றுவோரைத் தேற்றுவோர் யார்?

(அட்டன் நகரில் தோட்டச் சுகாதார ஊழியர், பிள்ளைப் பராமரிப்பாளர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சட்டத்தரணி ஒருவனை மேடையில் ஏற்றினால் அவன் சட்டத்தைப் பற்றிப் பேசுவான். அரசியல்வாதியை ஏற்றினால் தேர்தலைப் பற்றிப் பேசுவான். இரண்டுமாகிய என்னிடம் நீங்கள் எதை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் என்பதை நான் அறிவேன். சம்பளம், காணி, வீடு, வாக்கு ஆகிய நான்கைப் பற்றியும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அது எந்தச் செக்ரோலிலும் பதியப்படாதது. எந்தக் கந்தோரிலும் கணக்கு வைக்கப்படாதது. துன்புற்றவர்க்குத் துணை நிற்பவரின் உள்ளத்தில் சிறிது சிறிதாக ஏறும் களைப்பே அப்பொருள்.

2025 நவம்பர் 28ஆம் நாள் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்கள் பலியாயின. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிப்புற்றனர். மலை சரிந்ததால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அதன் பின்னர் பல வாரங்கள் நம் பாடசாலைகள் முகாம்களாயின. நம் கோயில் மண்டபங்கள் அடுக்களைகளாயின.

அப்புயல் கழிந்து சில மாதங்களுக்குப் பின் ஓர் அம்மையார் என் கந்தோருக்கு வந்தார். ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கையில் ஒரு கடிதம். "பராமரிப்பிலிருந்த குழந்தை நெடுநேரம் அழுதும் கவனியாது நின்றீர், கடமை தவறியமைக்கு விளக்கம் தருக" என்பது கடிதத்தின் சாரம். நான் வழக்கம்போல் தாளை எடுத்தேன்; திகதியிட்டேன்; முதலாம் பந்தி, இரண்டாம் பந்தி என்று மறுமொழியை வகுக்கத் தொடங்கினேன். அம்மையாரோ வேலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் கேட்டது இது:

"வேலை போனாப் போகட்டுங்க ஐயா. அந்தப் புள்ள அழுதிச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. நான் கல்லாப் போயிட்டேனுங்களா?"

என் பேனா நின்றது. ஏன் நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்கு முந்திய வாரம், மண்சரிவில் மகனை இழந்த தாய் ஒருவர் அதே நாற்காலியில் அமர்ந்து தம் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மரணச் சான்றிதழின் இலக்கத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். அன்றிரவு அது எனக்கு உறுத்தவுமில்லை. கல்லாய்ப் போனவர் அந்த அம்மையார் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நோய்க்குப் பெயர் உண்டு

நண்பர்களே, பெயரில்லாத நோயை மக்கள் குற்றம் என்று கருதுவர். பெயர் தெரிந்தால் பாதி அச்சம் நீங்கும். இந்நிலைக்கு அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1974இல் நியூயோர்க் நகரத்து இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர் என்னும் உளவியலாளர், தம்மோடு உழைத்த தொண்டர்கள் எரிந்து தீர்ந்த விளக்குத் திரிபோல் ஆனதைக் கண்டு அதைப் பற்றி எழுதினார். இதனைப் பணிச்சோர்வு எனலாம். வேலைப் பளு மிகுதியாலும், வேலையில் நியாயமும் ஆதரவும் இன்மையாலும் அது மெல்ல மெல்ல ஏறும். 1995இல் சார்ள்ஸ் பிக்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வேறொன்றை விளக்கினார். துன்புற்றவரின் கதையை நாள்தோறும் கேட்பவருக்கு அத்துன்பத்தின் சாயலே வந்து சேர்கிறது. தாம் காணாத மண்சரிவு அவர் கனவில் வருகிறது. தாம் இழக்காத பிள்ளைக்காக அவர் நெஞ்சு திடுக்கிடுகிறது. இது திடீரெனவும் வரலாம். இவை சேர்ந்து இரங்கும் ஆற்றலையே வற்றச் செய்யும் நிலையை இரக்கச் சோர்வு என்று நாம் தமிழில் சொல்வோம்.

இஃது எப்படி நிகழ்கிறது? ஆபத்தைக் கண்ட உடம்பு விழித்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கலைகிறது. ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். ஆனால் ஒரு கதை முடியுமுன் மற்றொரு கதை வந்தால், தணிய நேரமில்லை. முடிவில் உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. அந்தச் சாத்திய கதவைத்தான் அம்மையார் கல் என்றார். அது கல்லன்று, காயத்தின் மேல் படிந்த பொருக்கு. இரக்கமில்லாதவர்க்கு இந்நோய் வருவதில்லை என்பதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

அதன் அறிகுறிகள் யாவை? தகரக் கூரையில் மழை விழுந்தால் உறக்கம் போகும். வீட்டிலுள்ள பிள்ளைகள்மேல் காரணமின்றிச் சினம் பொங்கும். குறிப்பிட்ட ஒருவர் வருவதைக் கண்டால் ஒளிந்துகொள்ளத் தோன்றும். எதிரே இருப்பவர் பேசுவார். காது கேட்கும், மனம் கேளாது. "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற சொல் வாயில் வரும். சிலர் ஓய்வொழிச்சலின்றி வேலையில் மூழ்குவர். சிலர் சாராயத்தில் மூழ்குவர். இவற்றுள் இரண்டு மூன்று உங்களிடம் வாரக்கணக்கில் நிலைத்திருந்தால், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், துணை தேடுங்கள்.

பழைய காயத்தின்மேல் புதிய காயம்

நம் மலையகப் பணியாளர்க்கு இன்னொரு சுமையும் உண்டு. அவர் எந்த மக்களுக்குப் பணி செய்கிறாரோ, அந்த மக்களுள் அவரும் ஒருவர். மருத்துவமாது அதே லயத்தில் பிறந்தவர். ஆசிரியரின் தாயார் அதே மலையில் கொழுந்து பறித்தவர். மண் சரிந்த இரவில் தோட்டத் தலைவரின் வீட்டுச் சுவரும் வெடித்தது. அவர் தம் குடும்பத்தை ஓரிடத்தில் இருத்திவிட்டு அயலார் குடும்பத்தைத் தேடப் போனார். தேற்றுவோரும் தேற்றப்பட வேண்டியவரும் ஒருவராகவே இருக்கும் நிலை இது.

இக்காயமும் இன்றைய காயம் மட்டும் அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரை 1974இல் பங்கிட்டனர். தாய் ஒரு கரை, மகள் ஒரு கரையாகப் பிரிந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தும் மக்களுக்கு மாற்றிடம் கிடைத்திருக்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து டித்வா வந்தது.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் விட்டுச் சென்ற மனவடுவைப் பற்றி 1998இல் நூல் எழுதினார். பின்னர் அவர் வற்புறுத்திய கருத்தொன்று நமக்கும் பொருந்தும். பேரழிவு தனிமனிதரின் உள்ளத்தை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் உறவுகளின் நம்பிக்கையையும் காயப்படுத்துகிறது. ஆகவே, மருந்தும் தனிமனிதர்க்கு மட்டும் கொடுப்பதாய் இருத்தல் ஆகாது.

கந்தோரில் ஏற்படும் இரண்டாவது காயம்

பணியாளர் சோர்ந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்? நியாயம் தேடி வந்த ஏழை கொடுக்கிறார். கணவன் கையால் அடிபட்ட பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பலர் நடமாடும் இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கின்றனர். வைத்தியசாலையில் மீண்டும் கேட்கின்றனர். பிரதேச செயலகத்தில் மூன்றாவது முறை. சட்டத்தரணியிடம் நான்காவது முறை. நீதிமன்றில் ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் அவள் மீண்டும் அடிபடுகிறாள். கேட்பவர் களைத்தவராயின், "நீ என்ன செய்தாய், அவன் அடித்தான்?" என்று கேட்கிறார். முதற் காயம் கணவன் தந்தது. இரண்டாவது காயம் நாம் தந்தது.

காயமறிந்து பணி செய்தல் என்பது இதற்கு மாற்று. அதன் இலக்கணம் எளியது. வந்தவரைப் பார்த்து, "இவரிடம் என்ன குறை?" என்று எண்ணாமல், "இவருக்கு என்ன நேர்ந்திருக்கும்?" என்று எண்ணுவது. 2014இல் அமெரிக்க அரசின் உளநலத் துறை நிறுவனமொன்று இதற்கு ஆறு நெறிகளை வகுத்தது: பாதுகாப்பு, நம்பகம், ஒத்த அனுபவமுடையோர் துணை, கூடிச் செயற்படல், தன் விருப்பத்தைச் சொல்ல இடமளித்தல், பண்பாட்டையும் வரலாற்றையும் மதித்தல். இவற்றை நம் தோட்டத்து வழக்கில் சொல்லுகிறேன்.

வந்தவரை முதலில் உட்கார வையுங்கள். லயத்துச் சுவருக்குக் காது உண்டு. ஆகவே தனியிடம் ஒன்று தேடுங்கள். பிள்ளைகளின் முன்னால் கேளாதீர்கள். ஒருமுறை சொன்னதை எழுதிவைத்து, மறுமுறை சொல்லும் துன்பத்தைக் குறையுங்கள். அடுத்து என்ன நடக்கும், எத்தனை நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். செய்ய இயலாததைச் செய்வேன் என்று வாக்களிக்காதீர்கள். நிவாரணப் பொதி கொடுக்கும்போது படம் பிடிக்காதீர்கள். அவர் மொழியிலேயே பேசுங்கள். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தன் துயரத்தைத் தன் மொழியில் சொல்லவும், சொன்னது சரியாக எழுதப்பட்டதா என்று தானே படித்துப் பார்க்கவும் ஒருவருக்குள்ள உரிமை சலுகையன்று; அது சட்டம். மருந்தின் முதற் பாதியும் அதுவே.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆறுதல் கூற வந்தோர் பலர். ஓரிரு வாரத்தில் போனோரும் பலர். நடந்ததையெல்லாம் உடனே கொட்டித் தீர்த்துவிடு என்று பாதிக்கப்பட்டவரை வற்புறுத்துவது நன்மை தராது என்பது இன்று ஆய்வால் தெளிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அந்நிறுவனமும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. இடம் பாதுகாப்பானதா, யாருக்கு உதவி தேவை என்று பார். சொல்ல விரும்புபவர் சொல்வதைக் கேள். உணவு, உறவு, வைத்தியம் எது வேண்டுமோ அதனோடு இணைத்துவிடு. அவ்வளவே. பணியாளர் ஒருவர் எல்லாத் துயரத்தையும் தாமே தீர்த்துவிட வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இதனுள் இருக்கிறது.

வள்ளுவர் வைத்த இடம்

இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே வள்ளுவரிடம் போகாமல் தீராது. கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் வகுத்தார் அவர். அதனை எங்கே வைத்தார்? இல்லறத்தில் வைக்கவில்லை, துறவறத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில் வைத்தார். அதாவது, இரங்கும் கண் தனிமனிதரின் நற்குணம் மட்டும் அன்று, ஆட்சியின் கடமை. அதே அரசியல் இயலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தையும் வைத்தார். ஒரு காரியத்தின் வலியையும், தன் வலியையும், துணைவர் வலியையும் அறியாமல் ஆள் அனுப்புபவர் தோற்பர் என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு கொள்கை கிடைக்கிறது. இரங்கும்படி பிறரைப் பணிக்கின்ற அரசும் நிர்வாகமும் சங்கமும், இரங்குபவரின் வலிமையை அளந்தறிந்து காக்கக் கடமைப்பட்டவை.

"கூலிக்காரனுக்கே வயிற்றுக்கில்லை; சம்பளம் வாங்கும் உத்தியோகத்தருக்கு மனச்சோர்வு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பகைமையை இடமறியாது வைத்திருக்கிறார்கள். பிள்ளைக் காம்பரா அம்மையார் பெரிய உத்தியோகத்தர் அல்லர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் குழந்தையைக் காக்கும் பெண். அவர் கை தளர்ந்தால் எந்தத் தாய் மலையேறிக் கொழுந்தெடுக்க முடியும்?

தேயிலைச் செடியைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குக் கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டிய செடி சில மாதங்கள் கொழுந்து தருவதில்லை. எந்தத் துரையாவது அச்செடிக்கு விளக்கம் கோரிக் கடிதம் எழுதியது உண்டா? இளைப்பாறிய செடிதான் அடுத்த சுற்றில் துளிர்க்கும் என்பதைக் கணக்கப்பிள்ளை அறிவார், கங்காணி அறிவார், கம்பெனியும் அறியும். உருளைக் கிழங்கு போட்ட நிலத்தில் மீண்டும் மீண்டும் அதையே போட்டால் என்னவாகும் என்பதை இங்குள்ள விவசாயிகள் அறிவர். செடிக்கும் மண்ணுக்கும் காட்டும் கணக்கறிவை மனிதருக்குக் காட்ட ஏன் தயங்குகிறோம்?

அறிவுரை போதாது, ஒழுங்கு வேண்டும்

சோர்ந்தவரிடம், "தைரியமாயிரு, தியானம் செய், காலையில் நட" என்று கூறி அனுப்பிவிடுவது எளிது. அவை நல்லவையே. ஆனால் பொறுப்பு முழுவதையும் சோர்ந்தவர் தலையிலேயே மீண்டும் ஏற்றுவது நீதியாகாது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வைத் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் விளக்கியபோது, அதனை ஒரு நோய் என்று கூறவில்லை. தொழிலிடத்தில் நீண்ட நாள் தீர்க்கப்படாதிருக்கும் நெருக்கடியால் விளையும் நிலை என்று கூறிற்று. வேர் தொழிலிடத்தில் இருக்கும்போது, தொழிலாளியை மட்டும் திருத்துவதால் என்ன பயன்?

ஒழுங்குவிதி உயிரைக் காக்கும் என்பதற்கு இலங்கையிலேயே பெருஞ்சான்று உண்டு. 1995 அளவில் இந்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் தொகை இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாயிருந்தது. பின்னர் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் அத்தொகை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மக்களின் துயரம் அதற்குள் தீர்ந்துவிடவில்லை; சட்டமும் ஒழுங்கும் குறுக்கே நின்று பல்லாயிரம் உயிர்களைத் தடுத்தாட்கொண்டன. உள்ளத்தைப் பற்றிய காரியத்தில் அரசு ஒன்றும் செய்ய இயலாது என்று இனி யாரும் சொல்லற்க.

சட்டத்தின் நிலை என்ன? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை கை, கால், கண், விரல் என்று உறுப்புகளை எண்ணி விலை வகுக்கிறது. உழைப்பால் உடையும் உள்ளத்துக்கு அதிலே ஒரு வரிசை இல்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்தைச் சபையின் பணிக்கு வெளியே நிறுத்தியது. 2018இல்தான் அக்கதவு திருத்தத்தால் திறக்கப்பட்டது. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பெனிகளிடம் சென்றது. நலப்பணிக்கு அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய நிதியமொன்று அமைந்தது. மூவர் பொறுப்பு என்றால், நடைமுறையில் யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தருவது அரசியற் காரியம். ஆகவேதான் அரசியல் மேடையில் இதைப் பேசுகிறேன்.

ஐந்து கோரிக்கைகள்

நம் சார்பில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது: பேரிடர்க் காலத்தில் எந்தப் பணியாளரும் முகாமில் இடையீடின்றி வாரக்கணக்கில் நிறுத்தப்படலாகாது. முறை மாற்றும், சம்பளத்தோடு ஓய்வு நாளும் எழுத்தில் இருக்க வேண்டும். தம் வீட்டை இழந்த பணியாளர் முதலில் தம் குடும்பத்தைப் பார்க்க விடப்பட வேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் பணியாளர் மாதம் இரு முறையேனும் கூடிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அது வேலை நேரமாகக் கணிக்கப்பட வேண்டும். அக்கூட்டத்தை நடத்துபவர், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உடையவராய் இருத்தலாகாது. தம்மைத் தண்டிக்கக் கூடியவர் முன் யார் தம் தளர்ச்சியைச் சொல்வார்? அங்கே பேசப்பட்டது வெளியே போகலாகாது. பேச விரும்பாதவரைப் பேசவும் வைக்கலாகாது.

மூன்றாவது: மருத்துவமாது, ஆசிரியர், பிள்ளைப் பராமரிப்பாளர், கிராம உத்தியோகத்தர், பொலிஸார், தோட்டத் தலைவர் ஆகிய அனைவர்க்கும் உளவியல் முதலுதவியும் காயமறிந்து பணி செய்தலும் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். ஒரு நாட் கருத்தரங்கோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

நான்காவது: 2017இல் இந்திய உதவியோடு திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையைப் போன்ற இடங்களில் தமிழ் பேசும் உளநல வைத்தியரும் ஆலோசகரும் போதிய அளவில் இருக்க வேண்டும். பணியாளர் தம் நிர்வாகத்தின் அனுமதியின்றி நேரே செல்லும் வழியும் வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும், ஒவ்வொரு மருந்துச் சாலையிலும், பிரட்டுக் களத்திலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

ஐந்தாவது: பேரிடருக்குப் பிந்திய ஓராண்டில், இரக்கச் சோர்வால் நேர்ந்ததாகத் தோன்றும் தவறுகளில், தண்டனைக்கு முன் உளநல மதிப்பீடு நிகழ வேண்டும். குழந்தைக்கு ஊறு செய்தவரைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று எவரும் திரித்துக் கூறவேண்டாம். குழந்தையின் பாதுகாப்பே முதன்மை; அதனால்தான், களைத்த ஒருவரைத் தண்டித்து அனுப்பிவிட்டு அவரினும் களைத்த மற்றொருவரை அங்கே நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. 2007இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி வகுத்த அவசரகால உளநல நெறிகள், பணியாளரும் தொண்டரும் உளநலம் கெடாமல் காப்பதை அவர்களை அனுப்பும் அமைப்பின் கடமையாக வைத்துள்ளன. உலகம் ஒப்புக்கொண்டதை நம் மலையில் நடைமுறைப்படுத்துங்கள் என்பதே நாம் கேட்பது.

நம் வீட்டையும் துடைப்போம்

மற்றவரிடம் கோருவதற்கு முன் நம் சங்கங்களையும் நாம் பார்க்க வேண்டும். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மையார் தோட்டந்தோறும் பாடிச் சென்று மக்களை எழுப்பினார். துயரத்தைத் தனியே அழுது தீர்க்காமல் கூடி நின்று சொல்வதற்கு வழி காட்டியது அந்த இயக்கம். இன்றைய நம் தோட்டத் தலைவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? நள்ளிரவில் பிரசவ வேதனைக்கு வாகனம் பிடிக்க அவர். காலையில் பிரட்டுத் தகராற்றுக்கு அவர். மாலையில் குடும்பச் சண்டைக்கு அவர். மரண வீட்டுக்குப் பந்தல் போட அவர். சந்தா வாங்கும் சங்கம், அவர் உறங்கினாரா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? என் சங்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டாகவே இதை வைக்கிறேன். என் கந்தோரில் வாரம் ஒருமுறை எழுதுவினைஞர் முதல் இளஞ்சட்டத்தரணி வரை அனைவரும் அமர்ந்து, அவ்வாரத்தில் எக்கதை எவர் மனத்தில் தங்கிவிட்டது என்று பேசும் வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். முதற் கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. நானே கடிகாரம் பார்த்த கதையைச் சொன்ன பிறகுதான் மற்றவர் பேசினர்.

நம்மிடம் பழைய மருந்துகளும் உண்டு. மரண வீட்டில் ஊரே கூடி இரவு விழித்திருப்பது, கருமாதி வரை அயலார் சோறு கொண்டு வருவது, தப்பொலியும் ஒப்பாரியும், காமன் கூத்தும் திருவிழாவும் எல்லாம், ஒருவர் சுமையைப் பலர் தோளுக்கு மாற்றும் வழிகளே. துக்கம் காத்த வீட்டுக்கு ஊரே துணை நிற்கிறது. துக்கம் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கு மட்டும் ஊர் ஏன் துணை நிற்கலாகாது?

அந்த அம்மையாரின் காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். மறுமொழி எழுதினோம். அதில் சட்டப் பிரிவுகளோடு, புயலுக்குப் பின் எத்தனை நாள் ஓய்வின்றி அவர் முகாமில் நின்றார் என்ற கணக்கையும் சேர்த்தோம். அக்கணக்கைத் தயாரித்தவர்கள் அவரிடம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாய்மார்கள். விசாரணை எச்சரிக்கையோடு முடிந்தது. இரண்டு வாரம் அவர் தம் அக்காள் வீட்டில் தங்கினார். அந்நாட்களில் தாய்மார் இருவர் முறை வைத்துப் பிள்ளைக் காம்பராவில் துணை நின்றனர். வைத்தியரையும் கண்டார். இப்போது வேலைக்குத் திரும்பியிருக்கிறார். முழுவதும் தேறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். மழை நாட்களில் இன்னும் உறக்கம் வருவதில்லை என்கிறார்.

"நான் கல்லாப் போயிட்டேனுங்களா?" என்று அவர் கேட்ட வினாவுக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. இன்று இம்மேடையில் கூறுகிறேன். இல்லை அம்மா. பலர் தாங்க வேண்டியதை நீங்கள் ஒருவரே தாங்கினீர்கள். இனி அதனைப் பங்கிட்டுக்கொள்வது எங்கள் கடமை. அந்தக் கடமையை அரசும் கம்பெனியும் சங்கமும் ஏற்கும் வரை இவ்வைந்து கோரிக்கைகளையும் நாம் விடமாட்டோம் என்று கூறி அமைகிறேன்.